எண்ணுமுன் எண்ணிப் பார்ப்போம்

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள் எங்கள் வகுப்பில் மகளிர் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தது. மக்களவையிலும் மாநிலச் சட்டப் பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களை மகளிர்க்கு ஒதுக்க வகை செய்யும் அரசியலமைப்பின் 106-ஆவது திருத்தம் 2023-ஆம் ஆண்டில் நிறைவேறியதைப் பேராசிரியர் விளக்கினார். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மக்களவையின் 543 இடங்களுள் 74-இல் மட்டுமே பெண்கள் வென்றனர் என்பதையும், 2021-ஆம் ஆண்டில் நம் சட்டப் பேரவையின் 234 இடங்களுள் 12 மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தன என்பதையும் எடுத்துக்காட்டினார். பின்னர், “உங்களில் எத்தனை பேர் அரசியலுக்கு வர விரும்புகிறீர்கள்?” என்று வினவினார். மாணவர் பக்கத்தில் பத்துக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. என் கையும் அவற்றுள் ஒன்று. மாணவியர் பக்கத்தில் ஒரு கையும் உயரவில்லை.

பேச்சுப் போட்டிகளில் நம் கல்லூரிக்குப் பரிசு வாங்கித் தந்த மாணவி ஒருவரைப் பார்த்து, “நீ கூடவா அம்மா?” என்று பேராசிரியர் கேட்டார். அவர் எழுந்து, “மேடையேறிப் பேச எனக்கு அச்சமில்லை ஐயா. பேசி இறங்கிய பின் கைப்பேசியில் வருவதைப் படிக்கத்தான் அச்சம்” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உடனே பின் வரிசையிலிருந்து நண்பர் ஒருவர், “ஆண் தலைவர்களை மட்டும் யார் விட்டு வைக்கிறார்கள்? எல்லாரையுந்தான் திட்டுகிறார்கள்” என்றார். மணி அடித்தது, பேச்சு அதோடு நின்றது.

அந்த இருவருள் யார் சொன்னது சரி? இது வெறும் வாய்ச் சண்டையாக முடிய வேண்டிய வினா அன்று. எண்ணிப் பார்த்து விடை காணத்தக்க வினா. கணிப்பொறியின் துணைகொண்டு உலகின் பல நாடுகளில் இதை எண்ணியும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகள் நமக்கு ஏன் போதமாட்டா என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சல்லடையும் அதன் கண்ணும்

தேர்தல் காலத்தில் ஓர் அரசியல் தலைவரை நோக்கிச் சமூக ஊடகத்தில் ஒரு நாளில் வந்து விழும் செய்திகளை ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்க இயலாது. எனவே ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாளுகிறார்கள். முதலில் தலைவர்களுக்கு எழுதப்பட்ட பதிவுகளை இலட்சக் கணக்கில் திரட்டுகிறார்கள். அவற்றுள் சில ஆயிரங்களை மனிதர்கள் படித்து, இது வசை, இது கண்டனம், இது பாராட்டு என்று குறியிடுகிறார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துக் கணிப்பொறி பழகிக்கொள்கிறது. பழகிய பின் எஞ்சிய இலட்சங்களைத் தானே வகை பிரிக்கிறது. இறுதியில் அது பிரித்ததில் ஒரு பகுதியை மனிதர்கள் மறுபடியும் படித்து, எத்தனை இடத்தில் தவறியது என்று சோதிக்கிறார்கள்.

களத்தில் நெல்லைச் சலிப்பது போன்றதே இது. சல்லடையின் கண் பெரிதானால் பதரும் கல்லும் நெல்லோடு சேர்ந்து விழும். சிறிதானால் நல்ல நெல்லே மேலே தங்கிவிடும். ‘நாய்’ என்பதை வசைச்சொற் பட்டியலில் சேர்த்தால், தெருநாய்த் தொல்லையைத் தீர்க்கக் கோரி நகராட்சித் தலைவருக்கு எழுதப்பட்ட நியாயமான விண்ணப்பமும் வசையாகிவிடும். மாறாக, ஒரு பெண் உறுப்பினரின் வரவு செலவுத் திட்ட உரையின் கீழே “முதலில் வீட்டில் சமையலைக் கவனியுங்கள்” என்று ஒருவர் எழுதினால், அதில் தீய சொல் ஒன்றும் இல்லாமையால் அது தப்பிவிடும். ஆகவே, கணிப்பொறி தரும் எண்ணைக் கேட்குமுன் அதன் சல்லடையின் கண் எத்தகையது என்று கேட்பது நம் கடமையாகும்.

எண்ணியவர்கள் கண்டது

பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் பொதுத் தேர்தல் நடந்தது. அவ்வாண்டின் தொடக்கம் முதல் தேர்தல் நாள் வரை, ட்விட்டரில் இயங்கிய 177 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வந்த 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்னும் மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரங்களில் அப்பெண்கள் அனைவருக்கும் வந்த வசைகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஒரே ஒருவரைக் குறிவைத்து எழுதப்பட்டிருந்தது. அவர் டயேன் அபட். 1987-இல் தேர்வு பெற்று, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி. அவரைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தாலும், கறுப்பின, ஆசியப் பெண் உறுப்பினர்களுக்கு வெள்ளையினப் பெண் உறுப்பினர்களைவிட 35 விழுக்காடு மிகுதியாக வசை வந்திருந்தது. ‘பெண்கள்’ என்ற ஒற்றைச் சொல்லால் சராசரி கண்டிருந்தால் இவ்வேறுபாடு கண்ணில் பட்டிராது.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது, மார்ச் முதல் மே வரை, 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட 1,14,716 பதிவுகளை அதே அமைப்பு ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டது. அவற்றுள் 13.8 விழுக்காடு, அதாவது ஏழில் ஒன்று, வசையாகவோ வருத்தந்தரும் பகைப் பேச்சாகவோ இருந்தது. முஸ்லிம் பெண் தலைவர்களைப் பார்த்து எறியப்பட்ட இன, மத இழிசொற்கள், பிற சமயப் பெண்களுக்கு வந்தவற்றைவிட 94 விழுக்காடு மிகுதியாக இருந்தன. ஆனால் இவ்விரண்டு ஆய்வுகளிலும் ஆண்கள் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆகவே, பின் வரிசை நண்பரின் கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

விடை வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 2019 டிசம்பர்த் தேர்தலையொட்டி, ஆண், பெண் வேட்பாளர் அனைவரும் எழுதியவையும் அவர்களுக்கு வந்தவையுமாக 42 இலட்சம் பதிவுகளை ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வேட்பாளர்க்கு வந்த மறுமொழிகளில் வசையின் பங்கு 2017 தேர்தலில் 3.27 விழுக்காடாக இருந்து 4.46 ஆக உயர்ந்திருந்தது. சராசரியாகப் பார்த்தால், பொதுவான வசையையும் அரசியல் வசையையும் மிகுதியாகப் பெற்றவர்கள் ஆண்களே. பெண் என்பதற்காகவே வரும் வசையை மிகுதியாகப் பெற்றவர்கள் பெண்கள். அதாவது, பின் வரிசை நண்பர் வசையின் அளவைச் சொன்னார். முன் வரிசை மாணவி வசையின் வகையைச் சொன்னார். இருவரும் தத்தம் அளவில் பொய் சொல்லவில்லை.

இன்னோர் ஆய்வும் உண்டு. கனடாவின் அரசியல்வாதிகளுக்கும் அமெரிக்க செனட் உறுப்பினர்களுக்கும் எழுதப்பட்ட 22 இலட்சம் பதிவுகளைக் கனடிய ஆய்வாளர் மூவர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பெண் தலைவர் ஒருவர் பலரறிய உயர உயர, அதே அளவு புகழ்பெற்ற ஆணைவிட அவருக்குப் பண்பற்ற பேச்சு மிகுதியாக வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. புகழ் குறைந்த நிலையில் இருப்போரையெல்லாம் சேர்த்துச் சராசரி கண்டால் இவ்வுண்மை மறைந்துபோகும்.

‘சட்டத்தைத் தவறாகக் கொண்டுவந்தாய்’ என்று ஓர் ஆணைத் திட்டுவதும், ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்று ஒரு பெண்ணைத் திட்டுவதும் கணக்கில் ஒன்று, ஒன்று என்றே விழுகின்றன. முன்னது அவர் செய்ததைப் பற்றியது. அதற்கு மறுமொழி சொல்லலாம். வேண்டுமானால் செயலைத் திருத்திக்கொள்ளலாம். பின்னது அவர் அங்கு இருப்பதையே பற்றியது. அதற்கு மறுமொழி ஏது? எழுந்து போவது ஒன்றுதான் அது எதிர்பார்க்கும் மறுமொழி. ஷெஃபீல்டு ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு: மீண்டும் போட்டியிடுவதில்லை என்று விலகிய உறுப்பினர்கள் அந்த ஆண்டில் மற்றவர்களைவிட மிகுதியாக வசை பெற்றவர்களாக இருந்தார்கள். நம் வகுப்பில் உயராமற்போன கைகளின் காரணம் இதில் ஓரளவு தெரிகிறது அன்றோ!

நம் மொழியில் வசை எங்கே இருக்கிறது?

மேலே கூறிய பிரிட்டன், கனடா ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சைப் பற்றியவை. தமிழுக்கு இவற்றை அப்படியே பெயர்த்து வைத்தால் பயன் தருமா? தராது என்பதே என் கருத்து.

ஆங்கிலத்தில் ஒரு பெண் தலைவரைச் சுட்ட ஒரே சொல்தான் உண்டு. போற்றுகிறவரும் தூற்றுகிறவரும் அதையே ஆளுகிறார்கள். தமிழில் அப்படியன்று. ‘அவர் பேசினார்’ என்பதற்கும் ‘அவள் பேசினாள்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு நம் எல்லாருக்கும் தெரியும். ஒருவரைப் பன்மையாற் கூறுவது இலக்கண நெறியன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் குறித்துவைத்தார். அந்த வழக்கு இன்று நம் பொதுவாழ்வின் மரியாதையையே தாங்கி நிற்கிறது. ஐந்து முறை வென்ற பெண் உறுப்பினரைக் கூட ‘இவள்’ என்று தொடங்கிவிட்டால், அதன்பின் வேறு இழிசொல் தேவையில்லை. வசை வினைமுற்றின் விகுதியிலேயே முடிந்துவிடுகிறது.

இங்கேதான் கணிப்பொறி தடுக்கி விழுகிறது. நம் மொழியில் ஒரு வினை நூற்றுக்கணக்கான வடிவங்களில் வருவதால், விகுதிகளைக் களைந்து வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது கணிப்பொறித் துறையில் நெடுநாளாக உள்ள ஒரு முறை. ‘வந்தார்’, ‘வந்தாள்’, ‘வந்தான்’ மூன்றும் ‘வா’ என்றாகிவிடும். நாம் தேடிய மரியாதையும் அவமதிப்பும் அந்த முதற் படியிலேயே குப்பைக்குப் போய்விடுகின்றன. இன்றைய புதிய மொழிக் கணிப்பொறிகள் விகுதியைக் களைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மனிதர் குறியிட்டுக் காட்டியதைத்தான் அவை கற்கும். விகுதியைக் குறியிடாவிட்டால் அவை எங்கிருந்து கற்கும்?

பேச்சு வழக்கில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆண் ஒருவரை ‘வந்தாங்க’ என்றும் சொல்லலாம், ‘வந்தாரு’ என்றும் சொல்லலாம், அதற்குங் கீழே ‘வந்தான்’. இறங்குவதற்கு இடையில் ஒரு படி இருக்கிறது. பெண்ணுக்கோ பேச்சு வழக்கில் ‘வந்தாங்க’ என்பதற்கு அடுத்தபடி நேரே ‘வந்தா’ என்பதுதான். நடுவே நிற்க இடமில்லை. சில வட்டாரங்களில் ‘அது வந்துச்சு’ என்று அஃறிணைக்கே இறக்குவதும் உண்டு. இந்த ‘வந்தா’ என்பதோ, ‘வந்தால்’ என்னும் நிபந்தனை எச்சத்தின் பேச்சு வடிவமாகவும் இருக்கிறது. ‘அவ வந்தா’ என்பதும் ‘மழை வந்தா’ என்பதும் கணிப்பொறிக்கு ஒரே எழுத்துகள். இதை ஆங்கில எழுத்தில் அவரவர் விருப்பம்போல் தட்டச்சு செய்வதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பத்துக்கு எல்லையே இல்லை.

ஒருமையெல்லாம் அவமதிப்பும் அன்று. தாயை ‘நீ’ என்கிறோம். தெய்வத்தை ‘நீ’ என்கிறோம். தொண்டர்கள் தலைவியை ‘அம்மா’ என்றும் ‘அக்கா’ என்றும் உள்ளன்போடு அழைக்கிறார்கள். அதே ‘அம்மா’வைச் சற்று நீட்டி ‘அம்மா தாயே’ என்று ஏளனமும் செய்கிறார்கள். எது அன்பு, எது ஏளனம் என்பதைத் தமிழை வாழ்ந்து பழகியவர் படித்தால்தான் கூற முடியும்.

தமிழில் இப்பணி தொடங்கவில்லை என்று நான் கூறவில்லை. திராவிட மொழிகளுக்கான மொழித் தொழில்நுட்பப் பயிலரங்குகள் 2021 முதல் நடைபெறுகின்றன. யூடியூபில் தமிழிலும் கலப்புத் தமிழிலும் எழுதப்படும் கருத்துரைகளை ஆய்வாளர்கள் திரட்டிக் குறியிட்டுத் தந்திருக்கிறார்கள். 2022-இல் நடந்த பணியில் பெண் வெறுப்பு, ஆண் வெறுப்பு, அயலார் வெறுப்பு முதலியவை தனித்தனி வகைகளாகவே வைக்கப்பட்டன. பாராட்டத்தக்க முயற்சி. எனினும் ‘மரியாதை விகுதி’ என்றொரு வகை அப்பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் தமிழ் இலக்கணம் கற்றவர்களே.

விளக்கு இல்லாத இடம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் யாவும் ட்விட்டரைப் பற்றியவை. அங்குதான் வசை மிகுதி என்பதாலா? அன்று, அங்கிருந்துதான் பதிவுகளை எளிதிற் பெற முடிந்தது. இருட்டில் தொலைத்ததை விளக்கடியில் தேடிய கதையாகும் இது. 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், அதே ஆண்டில் ஆய்வாளர்க்கு அளித்துவந்த இலவச வாயிலை மூடிவிட்டது. முகநூல் பதிவுகளை ஆராயப் பயன்பட்ட கிரவுடுடாங்கிள் என்னும் கருவியை அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. இருந்த விளக்கும் மங்கிவிட்டது எனலாம்.

தமிழகத்தின் உள்ளாட்சி மன்றங்களில் மகளிர்க்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. ஊராட்சித் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் ஆயிரக்கணக்கான பெண்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களைப் பற்றி யாரும் ட்விட்டரில் எழுதுவதில்லை. ஊர்க்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதுகிறார்கள். அதை வெளியார் எவரும் திரட்ட முடியாது. திரட்டவும் கூடாது, அது பிறர் கடிதத்தைப் பிரிப்பது போன்றது. எனவே அங்கே கணிப்பொறி பயன்படாது. அந்தப் பெண்களை நேரிற் கண்டு, அமர்ந்து, கேட்டு எழுதுவது ஒன்றே வழி. எந்த எண்ணிக்கையிலும் வராத காரணத்தால் அவர்கள் பட்ட துன்பம் இல்லையென்று ஆகிவிடாது.

நாம் செய்யக் கூடியது

பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் செய்யட்டும் என்று நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. கணிப்பொறி அறிவியல் துறை இருக்கிறது. புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எண்ணையும் எழுத்தையும் வள்ளுவர் இரு கண்களாகக் கண்டார். நம் கல்லூரியில் அவை இரண்டும் இரு வேறு கட்டடங்களில் இருக்கின்றன. இடையே உள்ள முற்றத்தைக் கடந்தால் போதும்.

பல கட்சிகளையும் சேர்ந்த ஆண், பெண் தலைவர்களைச் சம எண்ணிக்கையில் தேர்ந்துகொள்வோம். ஏறத்தாழ ஒரே அளவு புகழுடையோராகவும் பார்த்துக்கொள்வோம். பொதுவில் கிடைக்கும் அவர்களுடைய உரைகளின் கீழே எழுதப்பட்டவற்றில் ஆளுக்கு நூறு கருத்துரைகளைக் குலுக்கல் முறையில் எடுப்போம். ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே படித்துக் குறியிடட்டும்: விகுதி எது? பேசுவது செயலைப் பற்றியா, உடல், ஒழுக்கம், குடும்பம் பற்றியா? இருவர் குறியும் ஒத்துவராத இடங்களைக் கூடிப் பேசித் தீர்ப்போம். அதன்பின் கணிப்பொறிக்குக் கொடுப்போம். எழுதியவர் பெயர்களை எங்கும் வெளியிடக் கூடாது; ஆளைப் பிடிப்பது நம் வேலையன்று. கண்டனத்தை வசையென்று கணக்கெழுதவும் கூடாது. ஆட்சியிலிருப்போரைக் கடுமையாகக் கண்டிப்பது குடிமக்களின் உரிமை. பெண் தலைவர்களும் அதற்கு விலக்கல்லர். நாள் முழுதும் வசையைப் படிப்பது மனத்தை வருத்தும் என்பதால் வேலையைப் பலரும் பகிர்ந்துகொள்ளல் நலம்.

“எண்ணி என்ன பயன்? திட்டுகிறவன் நிறுத்திவிடுவானா?” என்று கேட்கலாம். எண்ணியதால் மட்டும் எவரும் நிறுத்தமாட்டார். ஆனால் “எல்லாரையுந்தான் திட்டுகிறார்கள்” என்று சொல்லி, அஞ்சி நிற்கும் ஒருவரின் வாயை அடைப்பது அதன்பின் அவ்வளவு எளிதாக இராது. வசை விகுதியிலேயே தொடங்குகிறது என்று எண்ணிக் காட்டிவிட்டால், கட்சிகளும் ஊடகங்களும் தம் பேச்சைத் தாமே பார்த்துக்கொள்ள ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அந்த வகுப்புக்குப் பின் நான் ஒரு சிறு கணக்கை வைத்துக்கொண்டேன். தேநீர்க் கடையிலும் விடுதி அறையிலும் நண்பர்களோடு அரசியல் பேசும்போது, பெண் தலைவர்களை நான் எந்த விகுதியால் சுட்டுகிறேன் என்று ஒரு வாரம் தாளில் கோடு போட்டு எண்ணினேன். அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. என்னைக் கெட்ட எண்ணமுடையவன் என்று நான் நினைத்ததில்லை. பழக்கத்தால் வந்தது அது. பழக்கமே ஒரு கையை மேலெழவிடாமல் அழுத்துமானால், அப்பழக்கத்தை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

அடுத்த ஆண்டு அதே வினாவை அதே பேராசிரியர் கேட்பார். மாணவியர் பக்கத்தில் அன்று ஒரு கையேனும் உயர வேண்டும். அப்போது பின் வரிசையில் இருப்பவர்கள் சிரிக்காமல் இருந்தாலே நாம் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் ஆவோம்.